அந்தச் சிவப்புக் கோடு இருக்கட்டும்

இன்று காலை நெய்வேலி மெயின் பஜார் ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் முத்தாண்டிக்குப்பத்துக் காசிநாதன் பழைய டைப் தாள் ஒன்றை லேமினேஷனுக்குக் கொடுத்தார். 1980களில் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவர்.

அது ஓர் ஆய்வேட்டின் நன்றிப் பக்கம். கடைசி வரியில் காசிநாதன் பெயர். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

"ஐயா, கம்ப்யூட்டர்ல அந்தக் கோட்ட எடுத்துட்டுத் தரட்டா?" என்றார் கடைக்காரர்.

"கோட்டுல கைய வைக்காதப்பா."

ஏன் என்று கேட்டேன்.

பெரிய நகரத்துத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து விஜயா என்ற மாணவி சுரங்க மண்ணை ஆராய வந்தாராம். ஷிப்டு முடிந்ததும் அவருக்கு மண் எடுத்துக் கொடுத்தவர் காசிநாதன். "கூலி ஆளுக்கு ஆய்வேட்டில் என்ன இடம்?" என்று விஜயாவின் வழிகாட்டிப் பேராசிரியர், காசிநாதன் பெயரை அடித்துவிட்டார். பேராசிரியர் கையெழுத்துப் போடாமல் பட்டம் கிடையாது.

"அந்தப் பொண்ணு என் பேரோட திரும்பவும் டைப் பண்ணிச்சு. அவரு திரும்பவும் கோடு போட்டாரு. ஒரு வருசம் இழுத்துக்கினு கெடந்துது. 'இந்தப் பேரு இல்லாத பட்டம் எனக்கு வேணாம் சார்'னு நின்னுடுச்சு. கடைசில கையெழுத்துப் போட்டாரு."

இந்தத் தாளோடு விஜயா கொடுத்த, பைண்டு செய்த ஆய்வேடும் வீட்டில் இருக்கிறதாம்.

"அதுல பேரு மட்டும்தாங்க இருக்குது. இதுலதான் சண்டை இருக்குது."

நான் எழுதிய செய்திகளில் எடிட்டர் அடித்த பெயர்கள் ஏராளம். ஒன்றைக்கூட நான் திரும்ப எழுதிக் கொடுத்ததில்லை.

நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா?