பூஜ்யம் புள்ளி ஆறு ஏழு

நேற்று உங்கள் வீட்டில் யார், எத்தனை மணி நேரம் குனிந்து நின்றார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். தோராயமாக வேண்டாம், நிமிடத்தில் வேண்டும்.

தெரியவில்லையா? மேலூர் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் பவதாரிணியின் இந்தக் கேள்வியில் சிக்கிய யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் மட்டும் பதில் சொல்ல முயன்றார்.

"வாசல் பெருக்குறதச் சேக்கணுமா?"

"குனிஞ்சா சேக்கணும்ணே."

"கோலம் போடுறது?"

"சேக்கணும்."

"சாமி கும்புடுறது?"

"அது நீங்களா போயி குனியிறது. கணக்குல வராது."

கடைக்காரர் அதற்குள் டீயை ஆற்றி முடித்திருந்தார். பவதாரிணி கைக்கடிகாரத்தைப் பார்த்து, அட்டையில் செருகிய தாளில் ஏதோ குறித்துக்கொண்டு கிராமத்துப் பேருந்துக்கு ஓடினார்.

வயது இருபத்தொன்பது. வேளாண் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வாளர். இடது கையில் ஆண்கள் கட்டும் கறுப்பு டிஜிட்டல் கடிகாரம். சேற்றில் விழுந்தாலும் ஓடும், நொடியும் காட்டும் என்பதால் வாங்கியது. பேனா கிடையாது. தண்ணீர் பட்டால் மை கலையும் என்று பென்சிலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவார். நின்றால்தான் இரண்டு பக்க வயலும் தெரியும். "வலப்பக்கம் பதினாலு பேரு, அம்புட்டும் பொம்பளைக. இடப்பக்கம் ஒரே ஒரு ஆம்பள. அவரும் மோட்டார் ரிப்பேரு பாக்குறாரு" என்று யாரும் கேட்காமலே அறிவிப்பார். கண்டக்டருக்குப் பழகிவிட்டது.

நில உரிமையாளர்களிடம் விவரம் சேகரிக்க அவரிடம் பதினான்கு பக்கக் கேள்வித்தாள் இருக்கிறது. எத்தனை ஏக்கர், என்ன ரகம், எத்தனை ஆள் என்று அது போகும். முதல் கேள்விக்குப் பதில் வருமுன்பே எதிர்க்கேள்வி வந்துவிடும்: "எந்த ஊரும்மா?" சொல்வார். அடுத்தது இன்னும் கனிவாக வரும்: "அந்த ஊர்ல எந்தத் தெரு?" பவதாரிணி பென்சிலை நிமிர்த்துவார். "கேள்வி கேக்குறது நானுண்ணே. ஒங்க முறை வந்தா சொல்றேன்." பதினான்கு பக்கத்தில் அந்த முறை வருவதே இல்லை.

அவருடைய தாய் பாண்டியம்மாள் நாற்று நடுகிறவர். மேலூருக்குக் கிழக்கே அவர்கள் ஊரில் பதினான்கு பெண்கள் சேர்ந்த ஒரு நடவுக் குழு. ராக்கம்மாள் அதற்குத் தலைவி. சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு, காலை ஏழு மணிக்கு இறங்கினால் ஒரு மணி வரை நிமிர்வதில்லை. சென்ற நடவுப் பருவத்தில் நாற்பத்து நான்கு நாள் பவதாரிணி அந்த வரப்புகளில் கடிகாரத்தோடு நடந்தார். யார் எப்போது குனிந்தார், எப்போது நிமிர்ந்தார், எத்தனை சென்ட் நட்டார் என்று பெயர் பெயராக எழுதினார்.

"ஏத்தா, நாங்க நடுறத எழுதுனா ஒனக்கு டாக்டர் பட்டம் குடுப்பாய்ங்களா?" என்றார் ராக்கம்மாள், குனிந்தபடியே.

"ஆமா அத்தே."

"ஊசி போடுவியா?"

"ஆட்டுக்குக்கூடப் போடமாட்டேன்."

"அப்பறம் என்ன டாக்டரு?" வரிசை முழுக்கச் சிரிப்பு போயிற்று. "இந்த இடுப்புக்கு ஒரு ஊசி போடுற படிப்பாப் பாத்துப் படிச்சிருக்கலாம்ல?"

"இடுப்பு வலிக்குதுன்னு எழுதிக்கிறேன் அத்தே."

"எழுது, எழுது. எழுதுனா வலி தாளுக்குப் போயிரும்."

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஒருநாள் பவதாரிணி அந்த எண்ணை அவர்களிடம் சொன்னார். சாகுபடிச் செலவு பற்றிய ஆய்வுகளில் உழைப்பை நாளாகக் கணக்கிடுவார்கள். ஆண் வேலை செய்தால் ஒரு நாள். பெண் வேலை செய்தால் அதை 'ஆண் நாளாக' மாற்ற வேண்டும். மாற்றப் பெருக்க வேண்டிய எண் பல ஆய்வுகளில் பூஜ்யம் புள்ளி ஆறு ஏழு. அதாவது மூன்றில் இரண்டு.

"அப்பிடின்னா?" என்றார் முனீஸ்வரி. குழுவில் இளையவர், இடது கைக்காரி.

"நீங்க மூணு பேரு நட்டா, ரெண்டு ஆம்பள நட்டதா எழுதணும்."

ராக்கம்மாள் நிமிர்ந்தார். காலையிலிருந்து அவர் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை. "எந்த ரெண்டு ஆம்பள? பேரச் சொல்லு."

பெயர் யாரிடமும் இல்லை. இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் பாடப்புத்தகம் அமைதியாகப் பதில் சொல்கிறது: பெண்ணின் கூலியை ஆணின் கூலியால் வகுத்தால் வருவது. பெண்ணின் உழைப்பு ஏன் மூன்றில் இரண்டு? கூலி அவ்வளவுதான். கூலி ஏன் அவ்வளவு? உழைப்பு அவ்வளவுதான். கோயில் பூசாரிகூட இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு கதையாவது சொல்வார். இங்கே கதையும் இல்லை. தசமப் புள்ளி ஒன்று போதுமானதாக இருக்கிறது. புள்ளி வைத்த எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. இன்னொரு வேடிக்கை, நாற்று நடும் வேலையை அந்தப் பக்கத்தில் எந்த ஆணும் செய்வதில்லை. நடைபெறாத ஒரு வேலையின் அளவுகோலால் நடைபெறும் வேலையை அளந்து, குறைகிறது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பவதாரிணி கோபப்படும் ஆள் இல்லை, அளக்கும் ஆள். ஆண் நட்டால் எவ்வளவு நடுவார் என்று பார்த்துவிட முடிவு செய்தார். வயலின் சொந்தக்காரர் செல்வக்குமாரும், வரப்பில் நின்று நாற்று முடிகளை வீசும் முத்திருளனும் சம்மதித்தார்கள். முத்திருளனுக்கு வயது ஐம்பத்திரண்டு, செல்வக்குமாருக்கு முப்பத்தொன்று. இருவரில் யார் யாரை 'அண்ணே' என்கிறார் என்று ஊகிக்க முனைவர் பட்டம் தேவையில்லை.

இரண்டு மணி நேரப் போட்டி. ஒரு பக்கம் ராக்கம்மாள், முனீஸ்வரி. மறுபக்கம் இவர்கள் இருவர். கால்மணி நேரத்தில் செல்வக்குமாருக்கு ஒரு போன் வந்தது. அரைமணியில் இன்னொன்று. மூன்றாவது தடவை அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு கலெக்டராபீஸ்ல இருந்து கூப்புடுறாக போல," என்றார் ராக்கம்மாள், யாரையும் பார்க்காமல்.

"முத்திருளண்ணே, என்னண்ணே வானத்தப் பாக்குறீக?" என்றார் முனீஸ்வரி.

"மழ வருமான்னு பாத்தேன்."

"பின்னாடி பாருங்க. நீங்க நட்டது மெதக்குது."

மிதந்ததை எல்லாம் முனீஸ்வரி மறுபடி ஊன்றினார். அதற்குப் பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தை யார் தலையில் எழுதுவது என்று பவதாரிணி வெகுநேரம் பென்சிலைக் கடித்தார். ராக்கம்மாள் மூன்று சென்ட், முனீஸ்வரி இரண்டே முக்காலுக்கு மேல், முத்திருளன் ஒன்றும் கொஞ்சமும், செல்வக்குமார் அரை. வகுத்துப் பார்த்ததில் நடவில் ஓர் ஆண் நாள் பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு பெண் நாளுக்குச் சமம் என்று வந்தது. ஆய்வேட்டில் அப்படியே அட்டவணை போட்டார். பெண் நாளை முழு நாளாக வைத்துவிட்டு, ஆண் நாளை அந்த எண்ணால் பெருக்கினார்.

வழிகாட்டிப் பேராசிரியர் பீமாராவ் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். தமக்கு அந்தப் பெயரைத் தந்தை எதற்காக வைத்தார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மாணவர் யாரையும் அறையில் நிற்கவைத்துப் பேசியதில்லை. பச்சை மையில்தான் திருத்துவார். சிவப்பு மனத்தைக் காயப்படுத்துமாம்.

"சிரிப்பு வருதும்மா," என்றார். "எனக்கே வருது. ஆனா வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் சிரிக்க மாட்டாரு. ரெண்டு ஆம்பளைய வச்சு ஒரு கோஎஃபிஷியன்ட்டா? சாம்பிள் எத்தன?"

"ரெண்டு சார்."

"ரெண்டு!"

"பூஜ்யம் புள்ளி ஆறு ஏழுக்கு சாம்பிள் எத்தன சார்?"

பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். "அது கன்வென்ஷன்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம புள்ளைக தீசிஸ்னா கமா வரைக்கும் தேடிப் பாப்பாங்க. இந்த மாசக் கடைசியோட ஒன் பதிவு முடியுது. ரெண்டு தடவ நீட்டியாச்சு, இனி முடியாது. ஆறு வருசம் போயிரும். அந்த நம்பரப் போட்டுரு. பட்டத்த வாங்கு. நாளைக்கு நீ கைடு ஆனதும் மாத்திக்க."

"நீங்களும் அப்பிடித்தான் நெனச்சீங்களா சார்?"

பேராசிரியர் ஆய்வேட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போடவில்லை.

பாண்டியம்மாளின் தீர்ப்பு போனில் வந்தது. "எழுதிக் குடுத்துட்டு வாத்தா. மூணுல ரெண்டுன்னு நீ எழுதுனா எனக்கு என்ன வெரலா கொறையப் போகுது? ஆறு வருசமா ஊர்ல கேக்குறாக, ஒம்மக படிப்பு எப்ப முடியும்னு. எங்களுக்காக நீ நட்டாத்துல நிக்காத."

இரண்டு நாள் கழித்து பவதாரிணி ஆய்வேட்டையும் நாற்பத்து நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனார்.

"நீங்க சொன்னபடி மாத்திரலாம் சார். மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு பெண் நாள். மாத்துனா நானூத்திப் பத்து. எரநூத்தி ரெண்டு நாள் போகணும். டேபிள்ல பண்ணுனா யாரு போறாங்கன்னு தெரியல. அதான் ஒரு நாளைக்கு ஒரு தாளுன்னு பேராவே எழுதிட்டு வந்துருக்கேன். மூணுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுத்தீங்கன்னா கிட்டத்தட்டச் சரியா வந்துரும்."

பேராசிரியர் அவர் முகத்தைப் பார்த்தார். கிண்டல் எதுவும் தெரியவில்லை. பச்சைப் பேனாவைத் திறந்தார். முதல் தாளில் பதினான்கு பெயர். மூன்றாவது முனீஸ்வரி, அடித்தார். ஆறாவதை, ஒன்பதாவதை, பன்னிரண்டாவதை அடித்தார். இரண்டாவது தாளை எடுத்தார். அதே வரிசை. பேனா மறுபடி முனீஸ்வரி மேல் வந்து நின்றது.

"மொத நாளும் இவங்களத்தானே அடிச்சோம்?"

"ஆமா சார்."

"தெனமும் இவங்களையே அடிச்சா பயாஸ் ஆயிருமேம்மா. ரேண்டமா அடிக்கணும்."

சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பி அலமாரியில் இருந்து புள்ளியியல் புத்தகத்தை எடுத்தார். முப்பது ஆண்டுப் பழக்கம். தேடாமலே கடைசிப் பக்கங்களில் இருந்த சமவாய்ப்பு எண்களின் பட்டியல் திறந்தது. முதல் பத்தியின் மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது. கீழே இறங்கவில்லை. பவதாரிணியின் கடிகாரப்படி ஒரு நிமிடம் நாற்பது நொடி.

புத்தகத்தை மூடினார். பேனாவையும் மூடினார். "தீசிஸோட மொதத் தாள எடு," என்று சொல்லி, சட்டைப்பையில் இருந்த நீல மையில் கையெழுத்துப் போட்டார். "வைவாவுல நான் ஒனக்காகப் பேச முடியாது. பின்னாடி உக்காந்திருப்பேன், அம்புட்டுத்தான்."

ஆய்வேட்டில் பெண் நாள் முழு நாளாகவே போனது. பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு பின்னிணைப்புக்கு இறங்கியது, 'மாதிரி அளவு: இரண்டு' என்ற நேர்மையான குறிப்போடு. ஐந்து மாதம் கழித்து வெளி மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்தது. பூஜ்யம் புள்ளி ஆறு ஏழு என்ற மாற்று எண்ணைப் பயன்படுத்தாததால் முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட இயலவில்லை. வாய்மொழித் தேர்வில் திருப்தியான விளக்கம் தராவிட்டால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். மீண்டும் சமர்ப்பிக்க அவருக்குப் பதிவுக் காலம் இல்லை. இருப்பது வருகிற வியாழக்கிழமைத் தேர்வு மட்டும்.

இப்போது மறுபடி நடவுக் காலம். ராக்கம்மாள் செல்வக்குமாரிடம் போய், வியாழக்கிழமை குழு வராது என்று சொல்லிவிட்டார். "நாத்து முத்திப் போகுமே, யாரு நடுறது?" என்றார் அவர். "எங்கள எங்கயோ ஒரு ரூம்ல வச்சு அளக்குறாங்களாம். போயிட்டு வாரோம். அதுவரைக்கும் நாத்து பொறுக்கும்," என்றார் இவர்.

பாண்டியம்மாள் வருவாரா என்று கேட்டேன். "வெளுத்த சேல எதுன்னு தேடிக்கிட்டு இருக்கு," என்றார் பவதாரிணி.

துறையின் அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. அதன் நகல் ஒன்றில் கீழே பென்சிலால் தமிழில் நாளும் நேரமும் எழுதி, 'யாரும் வரலாம், யாரும் கேட்கலாம்' என்று சேர்த்து, மேலூர் பேருந்து நிலையத் தூணில் பவதாரிணி தாமே பசை தடவி ஒட்டினார். ஒட்டிய பிறகு உள்ளங்கையால் நான்கு மூலையையும் அழுத்தினார்.

பொது வாய்மொழித் தேர்வு என்பது வெறும் பெயரல்ல, அதுதான் விதி. வழக்கமாக அந்த 'பொது'வில் முதலாண்டு மாணவர்களும் சமோசாவும் மட்டுமே இருப்பார்கள். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வியாழன் காலை பத்தரைக்கு வாருங்கள். இடம் தெரியாவிட்டால் இந்த இதழின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், சொல்வார்கள். கைதட்ட வர வேண்டாம்; அவர் சொல்வது தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் எழுந்து நின்று அதைக் கேளுங்கள், நாற்பத்து நான்கு நாள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பதில் சொல்வார். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாராவது எழுதும்போது, உங்களையும் ஒரு முழு ஆளாக எண்ணும்படி வந்து உட்காருங்கள்.