பிளம்பரின் வெள்ளைச் சட்டை

ஒரகடத்தில் கார் கம்பெனி லைன் வேலையை விட்டுவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தேன். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரி விடுதியின் பின்புறம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அங்கே இருந்த விடுதி பிளம்பர் கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை உருவி முகர்ந்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

“நாத்தம் வருதா, பார்த்துச் சொல்லுபா.”

வெயில் வாசனைதான் வந்தது.

மாணவர்கள் குளித்த தண்ணீரை ஜல்லி, மணல், கல்வாழைச் செடிகளின் வேர் வழியாக விட்டு ஒரு சின்னத் தொட்டியில் தெளியவைத்திருந்தார். மூன்று மாதமாக அதில்தான் துவைக்கிறாராம். விடுதி முழுவதற்கும் பெரிய தொட்டி கட்ட, பல்கலைக்கழகத்திடம் கல்லூரி கேட்ட மானியம் இரண்டு முறை கிடைக்கவில்லை. மூன்றாவது விண்ணப்பத்துக்காக அன்று பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள்.

“இதுவும் பூட்ச்சுன்னா இந்த எடத்துல பைக் ஸ்டாண்டு கட்டிடுவாங்க” என்றார்.

வந்த அதிகாரி தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். “சாக்கடைத் தண்ணிதானேய்யா?”

அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்த பிளம்பர் காலரை இழுத்து நீட்டினார். “அதுல தோச்சதுதான் சார் இது. மோந்து பாருங்க.”

அதிகாரி நிஜமாகவே குனிந்து முகர்ந்தார். சிரித்துவிட்டார்.

“மானியம் உண்டு. நாளைக்கே குழி வெட்டுங்க.”

சுற்றி நின்ற மாணவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். பிளம்பர் மட்டும் இன்னொரு முறை காலரை முகர்ந்துகொண்டார். அவருக்கு அப்போதும் என்ன சந்தேகமோ!

சாயங்காலம் என் சட்டையையும் அந்தத் தண்ணீரில் துவைத்தேன். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு, பெரிய தொட்டிக்குக் குழி வெட்டும் வேலையில் சேர்ந்தேன்.