ஒன்பது கம்ப்யூட்டரும் பத்தாவதின் சாவியும்

கிருபாபாய்க்குக் கொஞ்சம் மண்டை கலங்கிவிட்டது என்று சித்தூரில் நினைத்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மருந்துக்கடைக்காரர், இன்னொருத்தி தம்பி பெண்டாட்டி ஸ்வீட்டி. மருந்துக்கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பத்து நாலு வயதுப் பெண்மணி, முடியை வெளுக்க வைக்கும் மருந்தை மாதாமாதம் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போகிறாள்; முடியோ போன மாதம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்றால் அந்த மனுஷன்தான் என்ன நினைப்பார்? அது தலைக்கு இல்லை ஐயா, கம்ப்யூட்டருக்கு. மஞ்சளேறிப்போன பழைய பிளாஸ்டிக் மூடியில் அதைப் பூசி, பாலித்தீன் தாளில் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் போட்டால் பழைய வெள்ளை திரும்பும். இதை அவரிடம் விளக்கப்போனால் இன்னும் மோசம் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூட ஆபீசில் டி.சி. டைப் அடிப்பவள், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் தம்பி வீட்டு மாடியறைக்கு ஏறிவிடுவாள். அங்கே ஒன்பது கம்ப்யூட்டர்கள். ஊர் உலகம் எடைக்குப் போட்டவை. அவற்றின் ரேம் அட்டைகளை எடுத்து, பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் செம்புப் பற்களைத் தேய்ப்பாள். செத்துப்போன பட்டன் பேட்டரியை மாற்றுவாள். விட்டுப்போன இணைப்புகளைச் சால்டரிங் கம்பியால் சுட்டு ஒட்டுவாள். கடைசியில் ஸ்விட்சைப் போட்டால் மின்விசிறி முனகி, உள்ளே ஏதோ கடகடத்து, ஒரே ஒரு ‘பீப்’ கேட்கும். "ஸ்தோத்திரம்!" என்பாள். ஒன்பதும் ஓடின.

பத்தாவது ஒன்று மூலையில் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் மூத்தது. அதன் முகப்பில் சின்ன வட்டப் பூட்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் அப்படி ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பிவிட்டால் கீபோர்டு வேலை செய்யாது. அதை ஓடவிட்டால், கீபோர்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் எழுதிவிட்டு அப்படியே நிற்கும். சாவி அவளிடம் இல்லை. அது திருப்பதியில், நளினியிடம் இருந்தது.

நளினி நாகலாபுரத்துப் பெண். டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மேஜை. தொண்ணூற்றாறில் இருவரும் சேர்ந்து ‘கே அண்ட் என் கம்ப்யூட்டர்ஸ்’ என்று ஒரு சென்டர் திறந்தார்கள். ஒரு அறை, ஒரு ஏசி, ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் இரண்டு நாற்காலி. காலையில் கிருபாபாய் திறப்பாள், சாயங்காலம் நளினி பூட்டுவாள். ஒருத்தி டைப் அடிக்க மற்றவள் தப்பு பிடிப்பாள். அப்படிச் சிரித்தார்களே, அப்படி ஒரு சிரிப்பைக் கிருபாபாய் அதற்கு முன்பும் சிரித்ததில்லை, பின்பும் சிரித்ததில்லை.

வாசலில் ஒரு அட்டை தொங்கியது: ‘செருப்பை வெளியே விடவும்’. எல்லாக் கம்ப்யூட்டர் சென்டரிலும் அதுதான் சட்டம். செருப்புத் தூசியில்தான் வைரஸ் வருகிறது என்று ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். நம் கிருபாபாயும் அரைகுறையாக நம்பினாள்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள், நளினியைப் பெண் கேட்டிருந்த திருப்பதிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சென்டருக்கே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தது மாப்பிள்ளையின் தாய் பொன்னியம்மா. பட்டுப்புடவை, காலில் புத்தம்புதுச் செருப்பு. கிருபாபாய் ஓடிப்போய், "வாங்க, வாங்க" என்றவள், அதே மூச்சில், "செருப்ப வெளிய கழட்டி வுட்டுட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

பொன்னியம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. "கம்ப்யூட்டருன்னா என்னா, சாமியா?" என்று கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் பெண் இனிமேல் அந்த இடத்து வாசலை மிதிக்கக் கூடாது, கிருபாபாயோடு பேச்சும் கூடாது என்று சொல்லித்தான் தாலி ஏறியது. சென்டரின் அந்த ஒரே கம்ப்யூட்டரை, இப்போது மூலையில் நிற்கும் பத்தாவதை, கடைசியாகப் பூட்டிய சாவி நளினியின் பர்சிலேயே போய்விட்டது. கிருபாபாய்க்குப் பத்திரிகைகூட வரவில்லை.

அந்தப் பூட்டைப்பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாவியே தேவையில்லை. மூடியைத் திறந்து, பூட்டுக்குப் போகும் இரண்டு வயரைப் பிடுங்கினால் போதும், கீபோர்டு ஓடும். ஒன்பது கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். பிடுங்கவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை அவள் திருப்பதி பஸ் ஏறுவாள். நளினியிடம் போய் நிற்பது என்று சந்திரகிரிவரை உறுதியாக இருப்பாள். கொர்லகுண்டாவில் நளினி வீட்டுத் தெருமுனைவரைக்கும் போவாள். பச்சை கேட் தெரியும். அவ்வளவுதான், கால் நகராது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று, கோபிகிருஷ்ணனின் பழைய சாமான் கடையில் நுழைந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கோ ஒரு மதர்போர்டோ வாங்கி வருவாள். "என்னா அண்ணி, இன்னிக்கி எத்தினி கிலோ இரும்பு?" என்பாள் ஸ்வீட்டி. அப்படித் திரும்பித் திரும்பி வந்ததில் சேர்ந்தவைதான் அந்த ஒன்பது கம்ப்யூட்டரும்.

போன மாதமும் போனாள். வழக்கம்போலத் தெருமுனை, வழக்கம்போலத் திரும்பி நடை. கடையில் அலமாரியெல்லாம் காலி.

"அயிப்போயிந்தி மேடம், முடிஞ்சி போச்சி," என்றார் கோபிகிருஷ்ணன். "இப்பல்லாம் லாரில டன் கணக்குல அள்ளிக்கினு போயிடறாங்க. இனிமே பழசு எதுவும் வராது. நீங்க வீணா அலையாதீங்க."

கிருபாபாய் கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி திருப்பதிக்கு எதைச் சொல்லிக்கொண்டு வருவது? எதைத் தூக்கிக்கொண்டு திரும்புவது? நளினியை இனிப் பார்க்கவே போவதில்லை என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. அந்த பயமே அவளை எழுப்பி நடக்கவைத்தது. தெருமுனையில் நிற்காமல் நேரே போய்ப் பச்சை கேட்டைத் திறந்தாள். கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சிமெண்டுத் தரை வெயிலில் சுட்டது.

முன்னறை நாற்காலியில் பொன்னியம்மா. எண்பது தாண்டிய கண்கள் கிருபாபாயின் முகத்தையும் வெறுங்காலையும் பார்த்தன.

"நீ அந்த கம்ப்யூட்டருக்காரி இல்ல?"

"ஆமாம்மா. அன்னிக்கி நான் பேசனது..."

"எங்க வூட்டுக்காரரு எங்க ஊர்ல பெரிய தெருவத் தாண்டறப்ப செருப்பக் கையில எடுத்துக்கினு நடந்த ஆளு. நானும் அப்டித்தான். பையன் சம்பாரிச்சி, பொண்ணு பாக்கப் போறோம்னு எனக்கு வாங்கிக் குடுத்த மொத செருப்பு அது. அதப் போயி கழட்டுன்ன நீ."

கிருபாபாயின் தாத்தா சபையில் சேருமுன் அப்படித்தான் நடந்தவர். வீட்டில் நூறு முறை கேட்ட கதை. வேறு யாருக்குத் தெரியாமல் போயிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அடிப் பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "எங்க தாத்தாவும் கையில புட்சிக்கினு நடந்தவருதாம்மா," என்றாள், அழுதுவிட்டாள்.

"போயி செருப்பப் போட்டுக்கினு வா. அப்பறம் உள்ள வந்து பேசு," என்றாள் பொன்னியம்மா.

கழுவித் துடைத்த அந்த வீட்டுத் தரையில் கிருபாபாய் செருப்போடு நடந்து வந்தபோது, சமையலறையிலிருந்து நளினி வந்து நின்றாள். உடம்பு பெருத்திருந்தது, கண்ணாடி வந்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து. அதில் பீரோ சாவிகளுக்கு நடுவே ஒரு சின்ன உருண்டைச் சாவி.

"எதுக்குடி வந்தே?" என்றாள் நளினி.

"சாவி கேக்க."

"வயரப் புடுங்கனா போதும்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?"

"புடுங்கிட்டா உன்கிட்ட வர்றதுக்கு எனக்கு என்னா இருக்குது, நளினி?"

நளினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவிக்கொத்தை அவள் கழற்றவில்லை. "சாவியெல்லாம் தர மாட்டேன். பூட்டனது நானு. அடுத்த ஞாயித்துக்கெழம நானே வந்து தொறக்கறேன்," என்றவள், இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா என்னியப் பாக்கற? நானும்தான் வர்றேன்," என்றாள் பொன்னியம்மா. "ஆனா செருப்பக் கழட்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

பொழுது சாய கிருபாபாய் சித்தூரில் வந்து இறங்கினாள். ஸ்வீட்டி வாசலிலேயே பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "என்னா அண்ணி, ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேருக்குச் சேத்து சமச்சி வை. திருப்பதிலேர்ந்து வராங்க."

மாடிக்குப் போய்ப் பத்தாவது கம்ப்யூட்டரின் முன்னால் இரண்டாவது நாற்காலியைப் போட்டுத் தூசி தட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. இருபத்தேழு வருஷம் பொறுத்தவளுக்கு அந்த எட்டு நாளைத் தள்ளுவதுதான் பெரும்பாடாக இருந்தது.