நாலில் முடுக்கிய வயர்

எங்கள் மைக் செட்டில் இரண்டு பேர்தான்: நானும், அக்கா வீட்டுக்காரரும். கோவில்பட்டியில் எல்லாரும் பெட்டி ஸ்பீக்கருக்கு மாறிவிட்ட இந்தக் காலத்திலும், கழுகுமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் வால்வு ஆம்ப்ளிஃபையர்தான் வேண்டும் என்றிருந்தார்கள். பருத்திக்காடு தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் பாட்டு கேட்க வேண்டுமே! எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கொடைதான். அதுவும் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

போன கொடைக்கு நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். ஒவ்வொன்றும் பதினாறு ஓம்ஸ். நாலையும் ஒரே ஜோடி வயரில் பக்கம்பக்கமாகச் சேர்த்தால் மொத்தம் நாலு ஓம்ஸ்தான் வரும். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் 4, 8, 16 என்று திருகுகள் இருக்கும். வயரை நாலில்தான் முடுக்க வேண்டும். பதினாறில் முடுக்கினால் பாட்டு கிழியும், வால்வு சூடேறிச் சாகும். இதை அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அன்று காலையில் என் கையால்தான் நாலில் முடுக்கினேன். கணீரென்று பாடியது.

மதியக் கொடை தொடங்கும் நேரம். "மாப்ளே, நீ போய் சாப்பிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அத்தான். பாசம் என்று நினைத்தேன், மடையன்! சாப்பிட்டுக் கை கழுவும்போதே பாட்டு கரகரவென்று கிழிவது கேட்டது. ஓடி வந்து பார்த்தால், வால்வுக்குள் தகடு செக்கச்செவேலென்று பழுத்துக் கிடக்கிறது. டிரான்ஸ்பார்மரில் கருகல் நாற்றம். அணைத்துவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன். வயர் பதினாறில் இருந்தது. அதுவாகவா நடந்து போய் மாட்டிக்கொண்டது?

கோயில் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. உள்ளே புத்தம்புதுப் பெட்டி ஸ்பீக்கர்கள். டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கியவர் அத்தான்! அடப்பாவி, கூடவே இருந்து குழி பறித்துவிட்டாயே!

"ஏலே, சாமி எறங்குத நேரத்துல இப்படிப் பண்ணிட்டியே! என்னாச்சு?" என்று கத்தினார் கோயில் தலைவர்.

சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் ஊரே அத்தானைக் காறித் துப்பும். அப்புறம் அக்கா எந்த முகத்தோடு வெளியே வருவாள்?

"பழைய செட்டு, அண்ணாச்சி. ஆயுசு முடிஞ்சிட்டு" என்றேன்.

"அப்போ இனிமே ஒங்க அத்தான் செட்டே போடட்டும்" என்று அங்கேயே முடித்துவிட்டார். அத்தான் என் பக்கம் திரும்பாமல் புது வயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவளிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் கதவைப் பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"வால்வு மட்டுந்தான் போகும்னு ஒங்க அத்தான் சொன்னாவ, தம்பி. டிரான்ஸ்பார்மரும் போயிட்டா?"