பாபினின் வயிறு பேசாமல் இருந்த காலை

கூடத்தில் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. இரண்டு சுற்று ஓடும், முக்கும், நின்றுவிடும். மறுபடி தலைதெறிக்க ஓடும். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம், படுக்கையறையில், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்த பாபினுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பல் கூசியது. அவள் காலைத் தவிர வேறொரு கால் படாத மிஷின் அது. இன்று அதை மிதித்துக்கொண்டிருந்தவர் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். அத்தனை மாடிக் கட்டிடங்களில் மனிதர்களை மேலும் கீழும் அனுப்புகிறவருக்கு ஒரு தையல் மிஷின் எம்மாத்திரம் என்ற தைரியம்.

"வேகம் போதுமா?" என்று கதவுக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"வேகம் கிடக்கட்டும். சக்கரம் பின்னாடி சுத்துது, முதல்ல அதைப் பாருங்க."

"நீ மிஷினைக் கேக்காதே, வயித்தைக் கேளு. உதைச்சுதா?"

பாபின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். வயிறு பேசவில்லை.

பாபின் என்பது தெருவார் வைத்த பெயர். மிஷினுக்கு அடியில் நூலைச் சுற்றிக்கொண்டு குடுகுடுவென்று சுழலும் சின்ன உருளையைப் போல அவளும் குள்ளம், உருண்டை, ஓரிடத்தில் நிற்காதவள். சட்டைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது காலர் மட்டும்தான் தைக்கக் கொடுத்தார்கள். வருடக்கணக்காகக் காலர். கழுத்துக்குக் கீழே மனிதனுக்கு உடம்பு உண்டு என்பதே எனக்கு மறந்துபோச்சு என்று சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமானதும் கம்பெனியை விட்டு, சொந்த மிஷின் போட்டு, கர்ப்பிணிகளுக்கு மட்டும் உடை தைக்க ஆரம்பித்தாள். இடுப்பில் மடிப்பு மடிப்பாகத் துணியை உள்ளே விட்டுத் தைப்பாள். வயிறு வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக்கொள்ளலாம். ஊரார் வயிற்றுக்கெல்லாம் இடம் விட்டுத் தைத்தவளுக்கு, தன் துணியில் ஒரு மடிப்பைப் பிரிக்க ஒன்பது வருடம் ஆயிற்று. முதல் மடிப்பைப் பிரித்த அன்று கணவனும் மனைவியும் கத்தரிக்கோலை நடுவில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.

பிள்ளைக்கு ஒரு பழக்கம். மிஷின் ஓடினால் போதும், உள்ளேயிருந்து உதைக்கும். நான் வெளியே மிதிக்கிறேன், அது உள்ளே மிதிக்குது, கூலி மட்டும் ஒருத்திக்குத்தான் என்று பாபின் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரிப்பாள்.

எட்டாம் மாதத்தில் கொரோனா வந்தது. கொண்டுவந்தவர் கணவர்தான். யாரோ இருமிய லிஃப்டுக்குள் அரை நாள் வேலை பார்த்துவிட்டு வந்தார். அவர் இரண்டு நாள் தும்மினார், எழுந்துவிட்டார். இவளுக்குக் காய்ச்சல், இருமல், மாடிப்படி ஏறினவள்போல் மூச்சு. கல்யாணமான நாளிலிருந்து நீங்க சொல்லாம கொள்ளாம எனக்கு வாங்கிட்டு வந்தது இது ஒண்ணுதான் என்று அவள் கதவிடுக்கில் சொன்னபோது, மனிதர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார்.

இன்று காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டால் எப்போதும் பிள்ளை உள்ளே ஒருமுறை புரளும். இன்று இல்லை. தண்ணீர் குடித்தாள். இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாக வந்து பார்க்கும் சிஸ்டருக்கு உடனே போன் போட்டாள். இடது பக்கமாகப் படுங்க, இதோ கிளம்பிட்டேன் என்றார் சிஸ்டர். சிஸ்டர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாத கணவர்தான் மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

மிஷின் இப்போது ஒரே மூச்சாக ஓடியது. பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு அமைதி. வாசல் மணி அடித்தது. யாரும் கதவைத் திறக்கப் போகவில்லை. மணி மறுபடி அடித்தது.

"ஏங்க, கதவு."

"வர்றேன்," என்றார் அவர். குரலில் ஒரு மாதிரி வெட்கம். "வர முடியல. கொஞ்சம் இரு."

ஏதோ சரசரவென்று கிழிந்தது, ஒரு கம்பி கீழே விழுந்தது. வாசல் திறந்தது. தலை முதல் கால்வரை வெள்ளை உறை மாட்டிய சிஸ்டர் படுக்கையறைக்குள் வந்தபோது, அவருக்குப் பின்னால் கதவுக்கு வெளியே கணவர் நின்றார். அவருடைய சட்டையின் வலது பக்கம் ஜன்னல் திரையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. நீலப் பூப்போட்ட திரை சர்ச் கல்யாணத்து மணப்பெண்ணின் உடைபோல அவர் பின்னால் தரையில் நீண்டு கிடந்தது, வளையங்களோடு.

"வெறும் மிஷின் ஓட்டினா நூல் அறுந்துடுமேன்னு ஒரு துணி வெச்சேன்," என்றார் அவர். "அது எந்தத் துணின்னு பாக்கல."

சிஸ்டர் பையிலிருந்து கட்டுப்போடும் கத்தரிக்கோலை எடுத்து அவரை விடுவித்தார். பிறகு பாபினின் விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்த்தார். தொண்ணூற்று ஆறு. சரிதான் என்று தலையாட்டினார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் பட்டையை வயிற்றைச் சுற்றிக் கட்டினார். அதோடு இணைந்த பெட்டியின் பொத்தானை அமுக்கினார்.

கரகரவென்று இரைச்சல். வேறொன்றும் இல்லை. சிஸ்டர் பட்டையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். இன்னும் இரைச்சல். பாபின் கூரையைப் பார்த்தாள். கடவுளே, என் மிஷினை எடுத்துக்கோ, என் கையை எடுத்துக்கோ என்று நெஞ்சுக்குள் பேரம் பேசினாள்.

குதுகுதுகுதுவென்று வந்தது ஒரு சத்தம்.

"இவ்வளவு வேகமா?" என்று வெளியே கணவர் அலறினார். "இப்படி மோட்டார் ஓடினா நான் கரண்டையே நிறுத்திடுவேன்."

"புள்ளைங்களுக்கு அதுதான் சரியான வேகம்," என்றார் சிஸ்டர். "உங்க மோட்டாரை நீங்க பாருங்க."

பாபினுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி வயிறு குலுங்கியபோது, உள்ளேயிருந்து 'ஏன் எழுப்பினாய்' என்பதுபோல் ஒரு உதை. பிறகு இன்னொன்று. பெட்டியிலிருந்து வந்த தாளில் கோடு எகிறியது.

சிஸ்டர் பட்டையை உடனே கழற்றவில்லை. அரை மணி நேரம் பார்த்து, பெரிய டாக்டருக்கு போன் செய்து, தாளில் இருந்ததைச் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் கழற்றினார். கழற்றிக்கொண்டே கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளைக்கு இந்த நோய் தொற்றுவது அபூர்வம்தான். ஆனால் தாய்க்கு மூச்சுத் திணறினால் பிள்ளைக்கும் கஷ்டம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் போகலாம், நாள் நெருங்கும் முன்பே வலி எடுக்கலாம். தடுப்பூசி போட்டிருந்ததால் இந்த அளவோடு போயிருக்கிறது. அசைவு குறைந்தால் மிஷின், பாட்டு, சிரிப்பு என்று எதையும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. இன்று செய்ததுபோல உடனே போன்.

பாபின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, இத்தனை நாள் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"சிஸ்டர், இந்த நோய் விடறதுக்குள்ள வலி வந்து புள்ள பொறந்துட்டா... என்கிட்ட குடுப்பீங்களா? தனியாத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு எங்க நாத்தனார் சொன்னாங்க."

சிஸ்டர் பையை மூடுவதை நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும்தான் தெரிந்தது.

"ஏம்மா, நீங்க நல்லா இருந்தா உங்ககிட்டத்தான். கையைக் கழுவிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, நீங்களே பால் குடுக்கலாம். உங்க நாத்தனாரை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க."

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தும்மல் என்றைக்கோ நின்றுவிட்டிருந்தது.

சிஸ்டர் கிளம்பினார். அடுத்த தெருவில் இன்னொரு வயிறு காத்திருக்கிறது, நாளைக்குக் காலையில் மறுபடி வருகிறேன் என்றார். கணவர் வாசல்வரை போய் நன்றி சொன்னார், படியில் இறங்குகிறவரிடம் மறுபடி நன்றி சொன்னார், கீழ்ப்படிக்குப் போய்விட்டவரிடம் பார்த்துப் போகச் சொன்னார். உள்ளேயிருந்து பாபின் கூவினாள்:

"ஏங்க, மறுபடி உதைக்குது. வாசக் கதவைச் சாத்திட்டு வாங்க, ரூமுக்கு வெளியே நின்னே கேளுங்க, சொல்றேன்."

அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து படுக்கையறைக்கு வெளியே நின்றார்.