பொன்னாடையுடன் போன பிரெட்டன் நடனம்

லண்டன் லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபத்தில் பிரெட்டன் நாட்டார் நடனம், வாருங்கள் என்று மகள் அழைத்திருந்தாள். பிரான்சின் மேற்குக் கரையோரத்து மக்களின் ஆட்டம். மருமகன் அந்தப் பக்கத்துக்காரன். மகளும் ஆடுகிறாள் என்றதும் ஒரு பொன்னாடை வாங்கினேன். அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றத்தில் குருவுக்குப் போர்த்தினோம், பிரதம விருந்தினருக்குப் போர்த்தினோம். ஆடியவளுக்குப் போர்த்தும் முறை இல்லை. மறுநாளே சலங்கையை அலுமாரிக்குள் போட்டவள், பிறகு எடுக்கவேயில்லை. ஏன் என்று சொன்னதுமில்லை.

நேரத்தோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கவுன்சிலில் மண்டபங்களுக்கு அனுமதி வழங்கி ஓய்வு பெற்றவன் நான். அவசர வழியை யாரோ மேலங்கிகளால் மறைத்திருந்தார்கள். ஓய்வூதியக்காரன் சொன்னால் யார் கேட்பார்கள்?

விளக்கேற்றல் இல்லை, தலைமையுரை இல்லை. ஒருவன் நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி போன்ற குழலை வாயில் வைத்தான். இன்னொருவன் காற்றுப்பை வாத்தியத்தைக் கக்கத்தில் அமுக்கினான். சத்தம் எழுந்ததும் சனமும் எழுந்தது. ஒரு பெண் மன்னிப்புக் கேட்டு என் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டாள். பார்வையாளர் என்றொரு சாதியே அங்கு கிடையாதாம். சின்னவிரலில் சின்னவிரல் கொளுவி, நீண்ட சங்கிலியாய் எல்லோரும் நகர்ந்தார்கள்.

இசை ஓய்ந்தபோது மகள் வேர்க்க விறுவிறுக்க வந்தாள்.

"வாங்கோப்பா, ஒரு சுத்து."

"முழங்கால் ஏலாது. பிள்ளை, அரங்கேற்றத்தோட ஏன் விட்டனீ?"

"இப்பவோ கேக்கிறியள்?"

"இப்பதானே திரும்ப ஆடுறாய்."

"நான் ஆடேக்க நீங்கள் வாசலையெல்லே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். சீஃப் கெஸ்ட் வந்திட்டாரோ எண்டு."

"அந்தாள் பிந்தி வந்தது. ஆராவது வரவேற்கத்தானே வேணும்?"

"ஓம். வடிவா வரவேற்றனீங்கள்."

குழல் மறுபடி கத்தியது. அவள் சின்னவிரலை நீட்டினாள். என் கை பொன்னாடை இருந்த பையின் மேலேயே இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அந்த விரலைக் கொளுவிக்கொண்டார், சங்கிலி நகர்ந்தது.

அதன்பின் நான் வாசலைப் பார்க்கவேயில்லை. அவளும் என் பக்கம் திரும்பவேயில்லை.

சொல்லாமலே வெளியேறினேன். லூயிஷாம் ஸ்டேஷன் மேடையில் ரயில் பிந்தியது, நல்ல குளிர். பையைத் திறந்து, பொன்னாடையை எனக்கு நானே போர்த்திக்கொண்டேன். சரிகை கழுத்தில் குத்தியது.