வந்து சேர்ந்தது என்ற செய்தி

சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் மகன் பயணிகள் விமானம் ஓட்டுகிறான். மச்சான் போனை முகத்துக்கு நேரே நீட்டுவார். "இங்க பாருங்க மச்சான், நாக்பூர தாண்டிட்டான்!" திரையில் ஒரு பொடி விமானம் நகர்ந்துகொண்டிருக்கும்.

என் மகனும் விமானிதான். ஆனால் பட்டாளத்தில். அவன் எந்தப் போனிலும் தெரியமாட்டான்.

இந்த வித்தியாசம் எனக்குப் புதிதல்ல. விமானப்படைத் தளம் ஒன்றில் பயணத் திட்டம் அனுப்பும் மேசையில்தான் என் வாலிபம் கரைந்தது. பயணிகள் விமானம் என்றால் கம்பெனி ஆள் திட்டத்தைப் பதிவு செய்வார். வழியிலுள்ள கட்டுப்பாட்டு நிலையங்களுக்கெல்லாம் அது கல்யாணப் பத்திரிகை மாதிரி போய்விடும். எங்களுடையது தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும். இறங்கிய தளத்திலிருந்து 'வந்து சேர்ந்தது' என்று செய்தி வந்தால்தான் அந்தத் திட்டத்தை முடித்து வைப்போம்.

போன ஆடியில் என் மகன் ஓட்டிப்போன விமானத்துக்கு அந்தச் செய்தி வரவில்லை. தேடினார்கள். இன்னும் தேடுவதாகத்தான் சொல்கிறார்கள்.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கடலாடக் கிள்ளைக் கடற்கரைக்கு வந்தார். எந்த ஊர் வழியாக வருவார், எப்போது திரும்புவார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பத்திரமாகத் திரும்பியும் போனார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கும்பிடவில்லை.

மகனின் தளத்துக்கு அடிக்கடி போன் செய்வேன். தகவல் வந்தால் சொல்கிறோம் என்பார்கள். எத்தனையோ வீட்டாருக்கு நானே சொன்ன பதில் அது. எதையும் ஒளித்துவைத்துக்கொண்டு நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. நிஜமாகவே கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் சொன்னோம்.

என் மனைவிக்கு அது தெரியாது. நேற்று நான் போனை வைத்ததும் கரண்டியோடு வந்து நின்றாள்.

"பட்டாளத்துக்காரவுங்க எதத்தான் வெளிய சொல்லியிருக்காங்க? புள்ள ஏதோ ரகசிய வேலையா எங்கயோ இருக்கான். அதான் மறைக்கிறாங்க. நீங்களும் அந்த வேல பாத்தவருதானே, சொல்லுங்க. அப்படித்தானே?"

"ஆமா," என்றேன். "மறைக்கிறாங்கதான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் எழுந்து தெருவுக்குப் போனேன்.